மூடிவிட்டேன் என்று சொன்ன வேஸ்ட்கேட்: ஒரு டர்போ பெட்ரோல் வண்டியில் பூஸ்ட் வராமல் போன கதை

வண்டி: 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், நேரடித் தெளிப்பு டர்போ பெட்ரோல். பிஎஸ்6. ஓடியது 61,400 கி.மீ. திருவொற்றியூரில் கடலைப் பார்த்த தெருவில் வெட்டவெளியில் நிற்கும் வண்டி. தினமும் மணலிக்குப் போய் வருகிறது. வழி முழுக்க கன்டெய்னர் லாரி, தூசி, உப்புக்காற்று. மழை மாதங்களில் முழங்கால் தண்ணீரையும் தாண்டியிருக்கிறது.

புகார், உரிமையாளர் வாய்மொழியிலேயே: "அண்ணே, மேம்பாலம் ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது. முன்னாடி ஆஃப் பண்ணிப் போட்டா சரியாயிடும். இப்ப ஆக்சுவேட்டர் மாத்துனதுக்கு அப்புறம் எப்பவுமே இழுக்கல."

நோயைக் கண்டுபிடிக்கத் தேவையான பாதித் தகவல் இந்த மூன்று வாக்கியங்களுக்குள்ளேயே இருக்கிறது. விட்டுவிட்டு வந்த கோளாறு, பாகம் மாற்றியபின் நிரந்தரக் கோளாறாகியிருக்கிறது. பழையது தீராத நிலையில் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள் கொள்ள வேண்டும். முதலில் பார்த்த கடையில் ஆக்சுவேட்டர், அதாவது டர்போவின் வேஸ்ட்கேட் என்ற வழியைத் திறந்து மூடும் பாகம், மாற்றியிருந்தார்கள். இரண்டாவதாகப் பார்த்த இடத்தில் முழு டர்போ அசெம்பிளிக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கேனரில் பி0299, அதாவது பூஸ்ட் (டர்போ இஞ்சினுக்குள் அழுத்தித் தரும் காற்று) குறைவு, உறுதியான கோடாக (பிழைக் குறியீடாக) பதிவாகியிருந்தது. பி2563 நிலுவையில் இருந்தது. வேஸ்ட்கேட் நிலையைச் சொல்லும் சென்சாரின் ரீடிங் எதிர்பார்த்த வரம்பில் இல்லை என்று சொல்லும் கோடு அது. டர்போவே போய்விட்டது என்றால் பி2563 வரக் காரணமில்லை. எஸ்டிமேட் எழுதியவர் அந்த இரண்டாவது கோடைப் படித்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

மின் வேஸ்ட்கேட் செய்யும் வேலை

டர்பைனுக்குள் போகும் எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பகுதியை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் குறுக்கு வழிதான் வேஸ்ட்கேட். அதன் வாயில் ஒரு சின்ன ஃப்ளாப் இருக்கும். மூடினால் வாயு முழுதும் டர்பைனைச் சுற்றும், பூஸ்ட் ஏறும், திறந்தால் இறங்கும். பழைய முறையில் இதை ஒரு காற்று டப்பாவும் ஸ்பிரிங்கும் பார்த்துக்கொண்டன. ஸ்பிரிங்கின் பலம் எவ்வளவோ அதுவே அடிப்படை பூஸ்ட். டப்பாவுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் சொலினாய்டு வால்வு கெட்டாலும் அந்த அளவாவது கிடைக்கும்.

மின் ஆக்சுவேட்டரில் ஸ்பிரிங்குக்குப் பதில் ஒரு டிசி மோட்டார், வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் பற்சக்கரங்கள், ஒரு நிலை சென்சார். வயரை மாட்டும் கப்ளரில் ஐந்து பின்: இரண்டு மோட்டாருக்கு, 5 வோல்ட், எர்த், சிக்னல் மூன்றும் சென்சாருக்கு. மோட்டாரை இரு திசையிலும் ஓட்டுவது ஈசியு, அதாவது இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி. இதில் லாபம் பல. ஸ்பிரிங்கால் முடியாத அழுத்தத்தில் ஃப்ளாப்பை மூடிப் பிடிக்கலாம். பூஸ்ட் தேவைப்படாத மெதுவான ஓட்டத்தில் திறந்து வைத்து எக்ஸாஸ்ட் எதிரழுத்தத்தைக் குறைக்கலாம். காலையில் குளிர் ஸ்டார்ட்டில் அகலத் திறந்துவிட்டால் சூடான வாயு நேராக, புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிஸ்டுக்குப் போய் அதைச் சீக்கிரம் சூடாக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்த பிறகு இந்தக் கடைசி வசதிக்கு மதிப்பு கூடியது.

கட்டுப்பாடு இரண்டு வளையங்களாக ஓடுகிறது. வெளி வளையம், ஆக்ஸிலரேட்டர் கேட்கும் இழுவைக்கு எவ்வளவு காற்று வேண்டும், அதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று கணக்கிட்டு, வந்த அழுத்தத்தோடு ஒப்பிட்டு, ஃப்ளாப் எத்தனை சதவீதம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. உள் வளையம் அந்தச் சதவீதத்தை வாங்கிக்கொண்டு, சென்சார் வோல்டேஜைப் பார்த்தபடி மோட்டாரை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. ஆகவே லாகில், அதாவது ஓட்டத்தின்போது ஸ்கேனர் பதியும் அளவுகளில், ஒரே நேரத்தில் நான்கு எண்கள் வேண்டும்: கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், கேட்ட நிலை, அடைந்த நிலை. கேட்ட நிலையும் அடைந்த நிலையும் பிரிந்தால் கோளாறு ஆக்சுவேட்டரிலோ வயரிலோ இருக்கும். அவை இரண்டும் ஒட்டிப்போய், பூஸ்ட் மட்டும் வராவிட்டால் கோளாறு வெளியே என்பார்கள்: ஹோஸ் ஒழுக்கு, டைவர்ட்டர் வால்வு (ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சும் அழுத்தத்தைத் திருப்பிவிடுவது), அடைத்த கேட்டலிஸ்ட், தேய்ந்த டர்போ.

இந்தப் பாடத்தில் ஒரு ஓட்டை உண்டு. சென்சார் பார்ப்பது ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் பற்சக்கரத்தின் நிலையை. ஃப்ளாப்பை அது பார்ப்பதே இல்லை. நடுவில் ஒரு கம்பி, ஒரு நெம்புகோல், அதன் அச்சைத் தாங்கும் ஒரு புஷ் (வளையம்) இருக்கின்றன. அவற்றில் என்ன நடந்தாலும் ஸ்கேனர் "0 சதவீதம், மூடியாச்சு" என்றே சொல்லும்.

முதல் லாக்

சாவி ஆன், இஞ்சின் ஓடாத நிலையில் பூஸ்ட் சென்சார் 1,009, மேனிஃபோல்ட் சென்சார் 1,008, வெளிக்காற்று 1,007 ஹெக்டோபாஸ்கல். கடல்மட்டத்தில் இருக்கும் ஊரில் இப்படித்தான் வரவேண்டும். மூன்றும் ஒத்துப்போவதால் சென்சார்களைச் சந்தேகிக்க வேண்டாம். ஒரு நிமிடம் எடுக்கும் சோதனை இது. செய்யாமல் சென்சார் மாற்றுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முழு த்ராட்டில் ஓட்டத்துக்கு வடசென்னைக்குள் இடம் கிடையாது. விடியற்காலையில் வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர் முனைதான் வசதி. மூன்றாம் கியர், 1,500 ஆர்பிஎம்மிலிருந்து 4,000 வரை, பக்கத்து இருக்கையில் ஒருவர் ஸ்கேனரோடு. ஓட்டுகிறவர் ஸ்கேனரைப் பார்க்கக்கூடாது.

2,200 ஆர்பிஎம்மில் கேட்டது (வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்த்து) 1,950 ஹெக்டோபாஸ்கல், வந்தது 1,480. 3,000-ல் கேட்டது 2,050, வந்தது 1,710. 3,400-ல் 1,790 வரை போனது, அதற்குமேல் ஏறவில்லை. வேஸ்ட்கேட் கேட்ட நிலை ஓட்டம் முழுக்க 0, அடைந்த நிலை 0 முதல் 1 வரை. பாடப்படி பார்த்தால் ஆக்சுவேட்டர் நிரபராதி, டர்போதான் குற்றவாளி. எஸ்டிமேட் இந்த இடத்தில்தான் பிறந்திருக்க வேண்டும்.

ஆனால் அதே லாகில், சாலையில் ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கிய நொடியில், அடைந்த நிலை சட்டென்று கீழே விழுந்து திரும்பியிருக்கிறது. ஃப்ளாப் அவ்வளவு வேகத்தில் நகராது. எண் மட்டும்தான் குதித்திருக்கிறது.

ஒழுக்குச் சோதனையில் 0.7 பார் காற்றடைத்துப் பார்த்தபோது ஏர் ஹோஸ், இன்டர்கூலர், கிளாம்ப் எதிலும் சீறல் இல்லை. டைவர்ட்டர் வால்வின் டயாஃப்ரம் முழுசாக இருந்தது. கம்ப்ரஸர் சக்கரம் அதன் ஹவுசிங்கில் உரசிய தடம் இல்லை. தண்டில் அச்சுவாட்டு ஆட்டம் கைக்குத் தெரியவில்லை. எக்ஸாஸ்ட் எதிரழுத்தமும் சரி. இவையெல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்தன.

42 ஓம்

சாவி ஆன் செய்து, ஃப்ளாப்பை மூடிய நிலையில் வைத்து, சென்சார் வோல்டேஜ் பார்த்தபோது 0.95. இந்த இஞ்சினில் மூடிய நிலைக்கு மேனுவல் தரும் வரம்பு 0.85 முதல் 0.95 வோல்ட், திறக்கத் திறக்க வோல்டேஜ் ஏறும். வேறு சில இஞ்சின்களில் இது தலைகீழாக இருக்கும், ஆகவே எண்ணை இங்கிருந்து எடுத்துப்போய் வேறு வண்டியில் போடக்கூடாது. 0.95 என்பது பாஸ் மார்க். ஆனால் வயரிங்கை விரலால் லேசாக ஆட்டியதும் 0.62-க்கு இறங்கியது. விட்டதும் மறுபடி 0.95.

கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக மெல்லிய ஊசி நுழைத்து, சென்சாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தபோது 0.38 வோல்ட் இழப்பு. அங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சென்சார் இழுக்கும் மின்னோட்டம் 9 மில்லிஆம்பியர்தான், 0.38-ஐ 0.009-ஆல் வகுத்தால் 42 ஓம். ஒரு பின்னின் தொடுபரப்பில் 42 ஓம் உட்கார்ந்திருக்கிறது. கப்ளரைக் கழற்றிவிட்டு வயரின் ஓமை மட்டும் அளந்தால் பூச்சியம்தான் காட்டும். கோளாறு இருப்பது இரண்டு உலோகங்களும் தொடும் இடத்தில். கழற்றியதும் அந்த இடமே இல்லாமல் போய்விடுகிறது.

கப்ளரைத் திறந்தால் வயரிங் பக்கத்து எர்த் பின்னில் பச்சைப் பூசணம் போல உப்பு. அந்த வயரில் கப்ளரிலிருந்து இரண்டு விரல் தள்ளி, இன்சுலேஷனில் ஊசி குத்திய துளை. எப்போதோ யாரோ சிக்னல் பார்க்கக் குத்தியது. அந்தத் துளை வழியே ஈரம் புகுந்து, செம்பு இழைகளுக்கு நடுவே ஊர்ந்து பின் வரை வந்திருக்கிறது. ஓடிச் சூடான கப்ளர் தேங்கிய தண்ணீரில் திடீரென்று குளிரும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, எங்கே ஓட்டை கிடைக்கிறதோ அங்கிருந்து தண்ணீரை இழுக்கும். கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி இடங்களில் மழை நாளில் வண்டியை இறக்குகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால் நல்லது. குத்திப் பார்க்கும் பழக்கத்துக்கு டர்போ பக்கத்து வயரிங்கில் இடமே கொடுக்கக்கூடாது.

பழைய கோளாறு எப்படி நடந்தது என்பதும் இந்த 0.38 வோல்ட்டிலேயே கிடைக்கிறது. சரியாக செட் செய்த பழைய ஆக்சுவேட்டரில் மூடிய நிலை 0.90 வோல்ட் என்று வைப்போம். எர்த் 0.38 உயர்ந்தால் சென்சாருக்குக் கிடைக்கும் 5 வோல்ட்டும் 4.62-ஆகக் குறையும், ஆகவே அதே நிலை ஈசியுவுக்கு 1.21-ஆகத் தெரியும். இந்த வண்டியில் சாவி ஆன் செய்ததும், ஸ்டார்ட்டுக்கு முன், ஈசியு ஃப்ளாப்பை முழுதும் மூடி, அந்த வோல்டேஜை "பூச்சியம்" என்று மனப்பாடம் செய்கிறது. தொடுப்பு கெட்டிருக்கும் நேரத்தில் அது 1.21-ஐ மனப்பாடம் செய்துவிடும். பிறகு எண்ணூர் விரைவுச்சாலையின் அதிர்வில் தொடுப்பு நன்றாகிவிட்டால், 1.21 வரும் இடத்தில் மோட்டார் நின்றுவிடும். அந்த இடம் மெய்யாகவே திறந்த நிலை. இந்த ஆக்சுவேட்டர் கம்பி 14 மி.மீ. நகர 0.60-லிருந்து 4.38 வோல்ட் வரை போகிறது, மி.மீ.க்கு 0.27 வோல்ட். 0.31 வோல்ட் வித்தியாசம் என்றால் 1.15 மி.மீ.

ஒரு மி.மீ.தானே என்று தோன்றும். ஃப்ளாப் மூடும் துளையின் விட்டம் 22 மி.மீ. என்றால் துளையின் பரப்பு 380 சதுர மி.மீ. நெம்புகோல் விகிதத்தைச் சமமாக எடுத்துக்கொண்டு ஃப்ளாப் 1.15 மி.மீ. தூக்கியிருந்தால், சுற்றுவட்டத்தில் திறக்கும் பரப்பு 79 சதுர மி.மீ. துளையில் ஐந்தில் ஒரு பங்கு. கால்வாசி விட்டம், அதாவது 5.5 மி.மீ. தூக்கினாலே துளை முழுதும் திறந்த கணக்கு. வேஸ்ட்கேட்டில் முதல் மி.மீ.தான் விலை உயர்ந்த மி.மீ.

ஆஃப் செய்து போட்டால் தொடுப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் மறுபடி சரியான பூச்சியத்தைப் படித்துக்கொள்ளும், வண்டி இழுக்கும். உரிமையாளர் சொன்னது அப்படியே பொருந்துகிறது. பழைய ஆக்சுவேட்டர் டிக்கியில் இருந்தது. மேசையில் 5 வோல்ட் கொடுத்து, மோட்டாருக்கு மின்னோட்ட வரம்பு வைத்த சப்ளையில் சின்னச் சின்னத் தட்டல்களாக ஓட்டியபோது 0.60 முதல் 4.38 வரை எங்கும் குதிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. மோட்டார் சுருள் 3.1 ஓம். நல்ல பாகத்தைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இப்படிச் சோதிக்கும்போது 12 வோல்ட்டை நேரடியாகக் கொடுத்து கடைசி முனை வரை மோதவிட்டால் உள்ளே இருக்கும் பற்சக்கரத்தின் பல் போகும். அதைச் செய்துவிட்டு "பாகம் கெட்டிருக்கு" என்று சொல்வதும் நடக்கிறது.

இரண்டாவது பிழை

வயர் சரிசெய்த பிறகும் வண்டி இழுக்காது என்பது 0.62 என்ற எண்ணிலேயே தெரிந்துவிட்டது. உண்மையான மூடிய வோல்டேஜ் 0.62, வேண்டியது 0.85-க்கு மேல். கம்பியை நெம்புகோலிலிருந்து கழற்றிவிட்டு ஆக்சுவேட்டரை முழுதும் உள்ளே இழுக்கச் சொன்னால் 0.61. கம்பி மாட்டியிருந்தாலும் மாட்டாவிட்டாலும் ஒரே எண் வருகிறது. அப்படியென்றால் மோட்டாரை நிறுத்துவது ஃப்ளாப்பின் இருக்கை அல்ல. ஆக்சுவேட்டருக்குள் இருக்கும் தடுப்பு. ஃப்ளாப் இன்னும் இருக்கைக்கு வந்தே சேரவில்லை. ஐடிலில் டர்போ பக்கம் கேட்ட 'டர்ர்ர்' சத்தமும் அதுதான்: பிடிப்பில்லாத ஃப்ளாப் வாயுவின் துடிப்பில் ஆடிக்கொண்டிருக்கிறது.

புது ஆக்சுவேட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, கம்பி எந்த நீளத்தில் வந்ததோ அதே நீளத்தில் மாட்டி லாக் நட்டை இறுக்கியிருக்கிறார்கள். அதன்பின் ஸ்கேனரில் பார்த்திருந்தாலும் எர்த் கோளாறு 0.62-ஐ 0.95-ஆக்கிக் காட்டியிருக்கும். தப்பான நீளமும் தப்பான எர்த்தும் சேர்ந்து சரியான ரீடிங்கைத் தந்திருக்கின்றன. இதனால்தான் வயரிங்கை முடிக்காமல் கம்பி செட்டிங்கில் கை வைக்கக்கூடாது.

வயரிங் வேலை சுருக்கம்: பின்னை உப்புத்தாளில் தேய்க்கவில்லை, பூச்சு போய்விட்டால் ஒரே மழையில் திரும்பி வரும். கப்ளரும் 15 செ.மீ. வயரும் புதிது. வெப்பம் தாங்கும் வயர், கிரிம்ப் இணைப்பு, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க். ஐந்து இணைப்பையும் ஒரே இடத்தில் போடாமல் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் போட்டது. எர்த் இழப்பு 6 மில்லிவோல்ட். ஹீட் ஷீல்டில் ஒரு போல்ட் காணாமல் போயிருந்தது, அதையும் போட்டாயிற்று. வெப்பம் நேரடியாக அடித்தால் புது வயரும் சீக்கிரம் மொறமொறத்துப் போகும்.

இனி கம்பி. இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதலில் கம்பியைக் கழற்றி நெம்புகோலைக் கையால் அசைக்க வேண்டும்: வழவழவென்று போய் 'டக்' என்று இருக்கையில் உட்கார வேண்டும். கரியில் சிக்கிக்கொண்டாலோ, புஷ்ஷில் ஃப்ளாப் பக்கவாட்டில் தாறுமாறாக ஆடினாலோ, கம்பி செட்டிங்கால் பலனில்லை. அப்போதுதான் டர்போவைக் கழற்றும் பேச்சுக்கு நியாயம் வருகிறது. இந்த வண்டியில் புஷ் நன்றாகவே இருந்தது.

கம்பியின் மரைக்கு ஒரு சுற்று 1 மி.மீ. லாக் நட்டைத் தளர்த்தி, கம்பியைச் சுருக்கும் திசையில் அரைச் சுற்று, மாட்டு, ஸ்கேனரில் மூடச் சொல், ரீடிங் பார். திருகும்போது கம்பியின் தட்டையான பாகத்தை ஸ்பேனரால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் நட்டைத் திருகினால் முறுக்கு முழுதும் உள்ளே இருக்கும் பற்சக்கரத்துக்குப் போகும். அரைச் சுற்றில் 0.62, மாற்றமில்லை. ஒரு சுற்றில் 0.64: ஃப்ளாப் இருக்கையைத் தொட ஆரம்பித்துவிட்டது, கம்பி 0.9 மி.மீ. நீளமாக இருந்திருக்கிறது. ஒன்றரையில் 0.77. இரண்டு சுற்றில் 0.91. அங்கே நிறுத்தி லாக் நட்டை இறுக்கி மறுபடி பார்த்தபோது 0.90. இறுக்கும்போது சற்று நகரும். இறுக்கிய பின் வரும் எண்தான் கணக்கு.

இன்னும் சுருக்கினால் நன்றாக இறுகுமே என்று ஆசைப்படக்கூடாது. மூடும் முனை முன்னாலேயே வந்துவிட்டால் திறக்கும் முனையில் அதே அளவு குறையும். அதிக ஆர்பிஎம்மில் வெளியேற வேண்டிய வாயு வெளியேறாமல் பூஸ்ட் மீறும், பி0234 வரும். புதுப்பேட்டையில் வாங்கிய பழைய ஆக்சுவேட்டரைப் போடுகிறவர்களுக்கும் இதே முறைதான். வேறு வண்டியின் கம்பி நீளம் இந்த வண்டிக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

கடைசியாக ஸ்கேனரில் பழைய மனப்பாடத்தை அழித்து அடிப்படை செட்டிங் ஓடவிட்டது. பேட்டரி 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் இது பாதியில் நிற்கும். சார்ஜர் மாட்டிக்கொண்டு செய்வது உத்தமம்.

மீண்டும் மீஞ்சூர்

அதே சாலை, அதே கியர். 2,200 ஆர்பிஎம்மில் கேட்டது 1,950, வந்தது 1,930. 2,500-ல் 2,060. ஒரு கணம் 2,110 வரை தாண்டி, பிறகு 2,050-ல் நின்றது. இப்போது பார்க்க வேண்டியது அழுத்தத்தை விட ஃப்ளாப்பை: 2,400 வரை 0-வில் இருந்தது, பூஸ்ட் கிடைத்ததும் திறக்க ஆரம்பித்து 4,000-ல் 34 சதவீதத்தில் நின்றது. முன்பு ஓட்டம் முழுக்க 0-வில் ஒட்டிக்கிடந்த ஃப்ளாப் இப்போது வேலை செய்கிறது. அதே பள்ளத்தில் இறக்கியும் எண் குதிக்கவில்லை. திரும்பி வந்து சூடோடு பார்த்த மூடிய வோல்டேஜ் 0.94, டர்போ ஹவுசிங் விரிவதால் வரும் இந்த 0.04 ஏற்றம் வரம்புக்குள்தான்.

1,100 கி.மீ. கழித்து மறுபார்வை: மூடிய வோல்டேஜ் ஆறிய நிலையில் 0.91, எர்த் இழப்பு 7 மில்லிவோல்ட், நிலுவைக் கோடு எதுவும் இல்லை. ஐடில் சத்தம் நின்றுவிட்டது. பழைய ஆக்சுவேட்டர், "நல்ல நிலை, கம்பி செட் செய்து மாட்டவும்" என்று சீட்டு கட்டி உரிமையாளரிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டது.